தொண்ணூற்றாறு பக்கம்

பிப்ரவரி 3

இன்று முதல் எழுதுகிறேன். எங்கள் கம்பெனி நோட்டுதான். தொண்ணூற்றாறு பக்கம், ஒற்றைக் கோடு, பச்சை அட்டை. ஆபீஸ் மேசை இழுப்பறையிலேயே இருக்கட்டும். வீட்டில் வைத்தால் கனகமணி எடுத்துப் படித்துவிடுவாள் என்பதல்ல. அவள் படிக்காமலே தெரிந்துகொள்கிறவள்.

பதினேழு வருடம் மதுரையில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் எடுத்தேன். போன வருடம் பிள்ளைகள் சேரவில்லை என்று துறையையே மூடிவிட்டார்கள். கனகமணியின் அண்ணன் காசிராஜன் சிவகாசியில் நோட்டு கம்பெனி வைத்திருக்கிறார். "நம்ம கம்பெனி இருக்கும்போது என்ன மாப்ள யோசன?" என்று கூட்டிவந்து மேசையும் கம்ப்யூட்டரும் சுழல் நாற்காலியும் கொடுத்தார். பதவி, ஏற்றுமதி மேலாளர். அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. முதலாளியின் தங்கை வீட்டுக்காரன் என்பதால் கம்பெனி முழுவதற்கும் நான் ‘மாப்ள சார்’.

ஆறு மாதமாக ஆங்கிலக் கடிதம் வந்தால் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும்தான் என் வேலை. மற்ற நேரம் நாற்காலி சுழல்கிறதா என்று பார்ப்பேன். இன்று காலைதான் மச்சான் உருப்படியாக ஒன்று கேட்டார்.

"மாப்ள, ஆறு வருசமா மலாவிக்கு வருசம் ஒரு கன்டெய்னர் போகுது. அங்க வாங்குற சிசோமோ அம்மா கூடுதலாவும் கேக்க மாட்டேங்காங்க, கொறைக்கவும் மாட்டேங்காங்க. கென்யாவுக்குப் போனா என்னன்னு ஒரு யோசன. நம்ம மெஷினுக்கு ஒரு சீசன்ல ரெண்டு நாட்டுக்கு ஓட்ட முடியாது. எதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. படிச்சவங்க சொன்னா தெம்பா எறங்கலாம்."

படிச்சவங்க. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

பிப்ரவரி 5

இரண்டு நாள் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டேன். ‘காகிதமும் அட்டையும்’ என்ற தலைப்பில் இரண்டு நாடுகளும் பத்து வருடமாக எத்தனை டன் இறக்குமதி செய்தன என்ற பட்டியல் கிடைத்தது. எனக்குக் கிடைத்த பட்டியலில் மலாவி கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, கடைசியில் கிளம்பிய இடத்திலேயே நிற்கிறது. கென்யா நடுவில் ஒருமுறை சறுக்கியது தவிர ஏறிக்கொண்டே போகிறது. இதற்கு மேல் என்ன யோசிக்க இருக்கிறது?

மச்சானுக்குப் பட்டியலைக் காட்டினால் புரியாது. படமாகக் காட்ட வேண்டும். பிரின்டரில் மை இல்லை. மேசை மேல் ஐம்பது நோட்டுக் கட்டு ஒன்று இருந்தது. அதில் இரண்டை எடுத்து, நடுவில் இருக்கிற பின்னை நகத்தால் நிமிர்த்தி நடுத்தாளை உருவிக்கொண்டு, பின்னை மறுபடி மடக்கி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த வித்தை, கை மறக்கவில்லை. விரித்தால் வரைய நல்ல அகலம். கென்யாவுக்குச் சிவப்பு மையில் ஒரு தாள், மலாவிக்கு நீலத்தில் ஒரு தாள்.

மச்சான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தானே டேப் எடுத்து, தன் நாற்காலிக்குப் பின்னால் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரி 6

செக்கிங் மேசைச் சீனியம்மாள் கையெழுத்து வாங்க ஆபீசுக்கு வந்தவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். இருபத்திரண்டு வருடமாக இங்கே இருக்கிறார். நோட்டின் ஓரத்தில் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினால் தாள் கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார். சீனியம்மா கை பட்ட கட்டைத் திருப்பி எண்ண வேண்டாம் என்று மற்ற கம்பெனிக்காரர்களும் சொல்வதுண்டு.

"மாப்ள சார், இது என்னது இப்படி ஏறிப் போகுது?"

"கென்யா. வருசா வருசம் வெளிநாட்டுல இருந்து வாங்குறது."

"நோட்டா?"

"பேப்பர், அட்டை எல்லாம் சேத்து."

"அம்புட்டுப் பேப்பர் வாங்குறவன் நோட்ட எதுக்கு சார் வெளிய வாங்கப்போறான்?"

வாசலில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். "எழுதத்தான்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். எந்தச் சிரிப்பு யாருக்கு என்று தெரியவில்லை. பத்து வருடப் புள்ளிவிவரத்தை எட்டாவது படித்தவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

பிப்ரவரி 9

நைரோபியில் நோட்டு மொத்த வியாபாரம் செய்யும் கமாவு என்பவர் சாம்பிள் பார்க்கச் சம்மதித்தார். மேசை மேல் இருந்த ஐம்பது நோட்டுக் கட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பியாயிற்று. "பதில் வர்ற வரைக்கும் மெஷின சும்மா போட்டுவைக்க முடியுமா? படம்தான் தெளிவாச் சொல்லுதே" என்று மச்சான் ஓட்டத் தொடங்கிவிட்டார். அட்டையில் ஒட்டகச்சிவிங்கி. அதுவும் என் யோசனைதான்.

மலாவிக்கு இந்த வருடம் முடியாது என்று சிசோமோ அம்மாவுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன்.

பிப்ரவரி 17

சிசோமோ அம்மாவின் பதில். பாதியாவது அனுப்ப முடியுமா, இரண்டு மாதம் தாமதமானாலும் காத்திருக்கிறேன் என்கிறார். பின் கழன்று நடுத்தாள் விழாத நோட்டு என்று அவர் ஊர்ப் பிள்ளைகள் எங்கள் நோட்டைத்தான் கேட்கிறார்களாம். மச்சானிடம் சொன்னேன். "பாவம்" என்றார். வருந்துகிறோம் என்று இன்னொரு கடிதம் எழுதினேன்.

மார்ச் 4

வீட்டு மோட்டார் ரிப்பேர். மெக்கானிக் வரவில்லை. குடத்தில் தண்ணீர் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது.

மார்ச் 11

கம்பெனித் தெருவில் லாரி மறித்து நின்றது. மூன்று ஆள் உயரத்துக்குக் காகித ரீல். பின்னால் என் ஸ்கூட்டர், எனக்குப் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ. ஒவ்வொரு ரீலாக உருட்டி இறக்கினார்கள். அடுத்த தெருவில் இன்னொரு லாரி நிற்கிறது, பொறுங்கள் என்றார் கிளீனர்.

காலை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். இந்த ஊருக்குத்தான் எவ்வளவு காகிதம் வருகிறது! எங்கோ ஒருவன் சிவகாசிக்கு வரும் காகிதத்தைப் பத்து வருடம் எடை போட்டு, சிவப்பு மையில் கோடு வரைந்து, ‘அடேயப்பா, இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு எழுதுகிறார்கள்’ என்று ஒரு லாரி நிறைய நோட்டு அனுப்பிவைத்தால் நாங்கள் என்ன செய்வோம்? திருப்பி அனுப்புவோம். காகிதம் வாங்குவதே நோட்டு போட்டு விற்கத்தானே.

இதை நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, "அண்ணே, வழி விட்டாச்சு, போங்க" என்று கத்தும்வரை அங்கேயே நின்றிருக்கிறேன்.

சீனியம்மாள் இதைத்தான் கேட்டார். மிஞ்சிப்போனால் பத்துச் சொல்லில் கேட்டார்.

கென்யா நோட்டு பாதிதான் ஓட்டியிருக்கிறது. நாளை மச்சானிடம் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 12

மச்சான் விருதுநகர் போய்விட்டார்.

மார்ச் 13

இருந்தார். கூட ஆட்கள் இருந்தார்கள்.

மார்ச் 15

மச்சான் வீட்டில் விருந்து. அவருடைய தொழில் நண்பர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். "எங்க மாப்ள ஆப்பிரிக்காவையே ரெண்டு தாள்ல வரஞ்சு செவுத்துல ஒட்டிட்டாரு" என்று சொல்லி என் இலையில் இன்னொரு கரண்டி கறி போடச் சொன்னார். போட்டார்கள். சாப்பிட்டேன்.

மார்ச் 30

ஓட்டி முடித்தாயிற்று. கொடவுனில் கூரைவரை ஒட்டகச்சிவிங்கி.

ஏப்ரல் 10

கமாவுவிடமிருந்து கடிதம் வந்தது. சாராம்சத்தை மச்சானிடம் சொன்னேன். நோட்டில் பக்கம் குறைவதாகப் புகார். நான் சாப்பிட வீட்டுக்குப் போனேன். சரியான வெயில்.

ஏப்ரல் 11

சீனியம்மாள் மேசையில் இல்லை. அவர் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்து வாய்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். நிறுத்திவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். மச்சான் மறுக்கவில்லை. நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 16

‘சாராம்சம்’ என்று எழுதியிருக்கிறேன். ஆறு நாளாக அந்தச் சொல் இழுப்பறைக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதிவிட்டு இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன்.

கமாவுவின் கடிதம் ஒரு பக்கம். நல்ல மனிதர், பொறுமையாக விளக்கியிருக்கிறார். நோட்டு அழகாக இருக்கிறது, கோடு சுத்தம். ஆனால் இங்கேயே நோட்டு போடுகிறவர்கள் ஏராளம், நீங்கள் சொல்லும் அந்தக் காகிதமெல்லாம் அதற்காகத்தான் வருகிறது, வெளியிலிருந்து வரும் நோட்டு எங்கள் கடைகளில் விலை கட்டாது, அனுப்புமுன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்கிறார். கடைசி வரியில், குறையாக நினைக்க வேண்டாம், ஐம்பதில் இரண்டு நோட்டில் மட்டும் தொண்ணூற்றாறுக்குப் பதில் தொண்ணூற்றிரண்டு பக்கம் இருந்தது, உங்கள் கவனத்துக்காகச் சொல்கிறேன் என்று முடித்திருக்கிறார்.

நான் மச்சானிடம் அந்தக் கடைசி வரியை மட்டும் சொன்னேன். அதையும் முழுதாகச் சொல்லவில்லை.

"பக்கம் கொறையுதாம் மச்சான். அதான் வேணாங்கறாரு."

"எத்தன நோட்டுல?"

"நெறைய."

மச்சான் என் முகத்தையே பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ‘நெறைய’ என்று சொன்னபோது சீனியம்மாள் என் நினைவில் இல்லை என்று எழுத நினைத்தேன். இருந்தார். வாசலில் நின்ற பெண்கள் சிரித்ததும் இருந்தது.

பதினேழு வருடம் பரீட்சை அறையில் காப்பியடித்த பிள்ளைகளைப் பிடித்துக் கொடுத்தவன் நான்.

ஏப்ரல் 28

கனகமணி ஒரு பை அரிசியும் பலகாரமும் எடுத்துக்கொண்டு சீனியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள்.

"வீட்ல மருந்துக் கவர் ஒட்டிக்கிட்டிருக்காங்க" என்றாள்.

"நீ எதுக்குப் போன?"

"யாராச்சும் போகணும்ல."

அதற்குப் பிறகு என்னிடம் கேட்டது, தோசைக்குத் தக்காளிச் சட்னியா, தேங்காய்ச் சட்னியா என்பது மட்டும்தான்.

மே 9

ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் சீனியம்மாள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கினார். "மாப்ள சார், நீங்க முன்னாடி போங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றார். குரலில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னால் யாரோ ஒரு பெண் இன்னொருத்தியிடம், "கப்பல் நோட்டுல கோட்ட விட்டாங்கள்ல, அந்த அக்காதான்" என்றாள். சீனியம்மாளுக்கும் கேட்டிருக்கும். தன் வலது கட்டைவிரலை மற்ற விரல்களால் மூடிக்கொண்டு நின்றார்.

நான் முன்னாடி போனேன். சீனியும் பருப்பும் வாங்கினேன்.

மே 20

இன்றைக்கும் சொல்லவில்லை.

ஜூன் 2

சொல்லிவிட்டேன். காலையில் மச்சான் தனியாக இருந்தார். உட்காராமலே சொன்னேன்.

"மச்சான், அந்தக் கென்யா லெட்டர்ல நான் உங்ககிட்டச் சொல்லாதது இருக்கு."

"தெரியும் மாப்ள."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க அன்னிக்குச் சாப்பிடப் போனீங்கள்ல, அப்பவே உங்க கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன். இப்பல்லாம் போனக் காட்டினா தமிழ்ல வருதே. ரெண்டு நோட்டுன்னுதான் போட்டிருக்கு. மத்ததும் போட்டிருக்கு."

"அப்பறம் ஏன் மச்சான் ஒண்ணும் கேக்கல?"

"என்னன்னு கேக்கச் சொல்றீங்க? தங்கச்சி வீட்டுக்காரர நாலு பேருக்கு முன்னாடி நிறுத்திவச்சு ஏன் பொய் சொன்னீங்கன்னா? நீங்களே வேல போயி வந்திருக்கீங்க. நாளைக்குக் கனகு மூஞ்சிய நான் பாக்க வேணாமா?"

சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்னைக் காப்பாற்றியிருக்கிறார். இரண்டு மாதமாக நான் அவரிடம் மறைத்தேன், அவர் எனக்காக மறைத்தார். வீட்டு மாப்பிள்ளை தலை குனியக்கூடாது.

"அதுக்காகச் சீனியம்மாவ நிறுத்தலாமா மச்சான்?"

"நான் எங்க நிறுத்தினேன்?" மச்சானுக்குக் கோபம் வந்தது. "அந்தம்மாகிட்ட மறுநா வெடிய உள்ளதச் சொன்னேன். ஆர்டர் கெட்டது உங்க கையால இல்ல, நாங்க போட்ட திட்டந்தான் தப்புன்னேன். ‘ரெண்டு நோட்டு கொறஞ்சது மட்டும் நெசமா மொதலாளி?’ன்னாங்க. லெட்டர்ல இருக்கே, நெசந்தான்னேன். ‘அப்ப என் வெரல் போயிருச்சு, இனிமே மேசையில உக்கார மாட்டேன்’னு எந்திரிச்சுட்டாங்க. மூணு தடவ வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பாத்துட்டேன். நிறுத்திட்டாங்கன்னு ஊரு பேசுச்சு. பேசட்டும்னு விட்டேன். உங்க பேரு வெளிய வராதுல்ல. அது என் தப்புதான்."

ரெண்டு நோட்டு. ஒரு நோட்டுக்கு நான்கு பக்கம் குறைவு. மடித்த தாள் ஒன்று. ஒன்றுக்கு நான்கு பக்கம்.

மச்சானின் தலைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தேன். கென்யா ஒரு தாள், மலாவி ஒரு தாள். இரண்டிலும் நடு மடிப்பில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, பின் குத்திய ஓட்டை. ஓட்டையைச் சுற்றிப் பின் அழுத்திய தடம். நான்கு மாதமாக எல்லோர் கண் முன்னாலும் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நானும் தினமும் பார்த்திருக்கிறேன்.

"என்ன மாப்ள, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றார் மச்சான்.

ஜூன் 3

டேப்பைப் பிய்த்து இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு சீனியம்மாள் வீட்டுக்குப் போனேன். கனகமணி தானும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

சீனியம்மாள் பசைக் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழப் போனவரை உட்காரச் சொல்லி, நானும் எதிரே உட்கார்ந்து, தாள்களை முன்னால் வைத்தேன். நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடிப்பைத் தடவினார். ஓட்டையில் நகத்தை வைத்தார்.

"எந்தக் கட்டுல எடுத்தீங்க?"

"சாம்பிள் கட்டுல. என் மேசை மேல இருந்தது."

"நான் எண்ணி வச்சதுக்கு முந்தியா, பெறகா?"

"பெறகு."

தாளை மடியில் வைத்தார். பிறகு அழுதார். நான் பயந்தபடி என்னைத் திட்டி அழவில்லை. தன் கட்டைவிரலை இடது கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ரெண்டு மாசமா இத வச்சுப் பாக்கேன் சார். தோல் தடிச்சுப்போச்சோ, நரம்பு செத்துப்போச்சோன்னு. கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணுல ஒண்ணும் இல்லன்னாங்க. அப்ப வெரல்தான்னு முடிவு பண்ணிட்டேன். இதுக்கு முந்தி எத்தன நோட்டு கொறையா விட்டேனோ, எந்த ஊருப் பிள்ள கடைசிப் பக்கம் இல்லாம முழிச்சுதோன்னு தூக்கமே இல்ல சார்."

ஒரு கன்டெய்னர் நோட்டு வீணாகப் போகிறது என்று தெரிந்தும் நான் விருந்து சாப்பிட்டேன். இவர் எட்டுப் பக்கத்துக்காகத் தூங்கவில்லை. அதுவும் நான் எடுத்த எட்டுப் பக்கம்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன். முதல் தடவையாக அக்கா என்று கூப்பிடுகிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட எதுக்கு சார்? எனக்குத்தான் இப்பத் தெரிஞ்சுபோச்சே. மேசையில இருக்கிறவங்களுக்கு யாரு சொல்வா?"

ஜூன் 5

மச்சான் வேண்டாம் என்றார். "நான் கூப்பிட்டு அவங்கள உக்கார வச்சுடுறேன். நீங்க எதுக்கு அங்கல்லாம் போயி நிக்கணும்? கனகு காதுக்குப் போனா?" கனகமணி காதுக்கு நேற்றே போய்விட்டது என்றேன். நானே சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். "ஏப்ரல்ல சீனியம்மா வீட்டுக்குப் போனப்பவே பாதி தெரியும், நீங்க சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள்.

பத்து மணிக்குச் செக்கிங் மேசைக்குப் போனேன். சீனியம்மாள் வந்து தன் இடத்தில் உட்காராமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பின்னடிக்கும் மெஷினை நிறுத்தச் சொன்னேன். பதினாலு பெண்கள், இரண்டு மெஷின்காரர்கள். இரண்டு தாளையும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எண்ணி வைத்த கட்டிலிருந்து தாளை உருவியது நான். கடிதத்தை மாற்றிச் சொன்னது நான். கென்யாவைப் பற்றி இந்த அக்கா சொன்னதுதான் சரி, என் படம் தப்பு. கல்லூரியில் அறுபது பேருக்கு முன்னால் மணிக்கணக்கில் பேசியவனுக்கு இந்த மூன்று வாக்கியத்தை முடிக்க இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஒரு பெண் தன் முந்தானையைப் பார்த்தாள். சீனியம்மாள் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"சரி, மெஷினப் போடுங்க" என்றார்.

மத்தியானம் சிசோமோ அம்மாவுக்கு நானே எழுதினேன், காரணம் மறைக்காமல். ஒட்டகச்சிவிங்கி போட்ட நோட்டு நிறைய இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் அவர் சொல்வது நியாயம்.

நாலு மணிக்குச் சீனியம்மாள் கையெழுத்து வாங்க ஆபீசுக்கு வந்தார். நான் இந்த நோட்டை வெளியே எடுத்து வைத்திருந்தேன். ஏப்ரல் பதினாறாம் தேதிப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எல்லாம் வெளியே தெரிந்துவிட்டது, இனி அந்தப் பக்கம் எதற்கு, என்றாவது யாராவது எடுத்துப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசனை. அதன் ஜோடித் தாளோடு சேர்த்து உருவிவிட்டால் தெரியாது. பின்னில் நகம் வைத்திருந்தேன்.

"இது நம்ம நோட்டா சார்?" என்றார். இப்போதெல்லாம் மாப்ள சார் இல்லை, வெறும் சார்.

"ஆமா."

கை நீட்டினார். கொடுத்தேன். திறந்து பார்க்கவில்லை. மூடி, ஓரத்தைத் தன் பக்கம் திருப்பி, கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினார். திருப்பி இன்னொருமுறை ஓட்டினார். அந்த இரண்டாவது, எனக்காக இல்லை என்று நினைக்கிறேன்.

"தொண்ணூத்தாறு. சரியா இருக்கு" என்று மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

இனி இதில் எதையும் கிழிக்க முடியாது.